நாய்க்கு வந்திருப்பது பாக்டீரியா தொற்றுதானா? இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று ஊர் மாறினாலும் நாய் வளர்ப்பவர்களின் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். மருந்தின் அளவை எங்கும் சொல்லவில்லை. அது நாயின் எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் எழுத வேண்டியது. இங்கே இருப்பது கண்டுபிடிக்கும் வேலை மட்டும்.

மூக்கு காஞ்சு கெடக்கு. காய்ச்சல்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. வெயிலில் படுத்து எழுந்த நாய்க்கும், ஃபேன் காற்றில் தூங்கிய நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். 104 டிகிரி காய்ச்சலில் மூக்கு ஈரமாக இருக்கிற நாயும் உண்டு. காதைத் தொட்டுப் பார்ப்பதும் இதே கதைதான். சித்திரை வெயிலில் இந்தக் கரையில் எந்த நாயின் காது சுடாது?

நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 98.6 என்பதால் நம் கைக்கு நாய் எப்போதும் கொஞ்சம் சூடாகவே தெரியும். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். 104-க்கு மேல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 99-க்குக் கீழே இறங்கினாலும் அவசரம்தான். தொற்று ரத்தம் முழுக்கப் பரவி உடல் தளர்ந்துவிட்ட நாய்க்குச் சூடு ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும்.

தெர்மாமீட்டரை எங்க வைக்கணும்? கடிச்சுறாதா?

ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். அக்குளில் வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி குறைத்துக் காட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நாய்க்கென்று ஒன்றைத் தனியாக வாங்கி, பேர் எழுதி ஒட்டி வையுங்கள். பாதரசக் கண்ணாடிக் குழாய் வேண்டாம், நாய் துள்ளினால் உடைந்துவிடும்.

ஓடிவந்த நாயை அரை மணி நேரம் நிழலில் படுக்கவிட்டுப் பிறகு பாருங்கள். நாய் நம்புகிற ஆள் ஒருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து கழுத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஒரு அங்குலம் உள்ளே விட்டு, லேசாகச் சாய்த்து உட்சுவரில் படும்படி வையுங்கள். மலக்கட்டிக்குள் குத்தி நின்றால் அளவு தப்பும். சத்தம் வந்ததும் எடுத்து, நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள். காலை, மதியம், இரவு என்று 3 அளவு இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

உறுமுகிற நாய்க்கு இதைச் செய்யாதீர்கள். வாயைக் கட்டிவிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். மூச்சிரைக்கிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் வாய்க்கட்டே ஆபத்து.

103.5 காட்டுது. அப்ப பாக்டீரியாதானே?

காய்ச்சல் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற வைரஸ் நோய்களிலும் காய்ச்சல் வரும். உண்ணி பரப்பும் பபீசியாவிலும் வரும், அது பாக்டீரியா கிடையாது. கடும் வலியில்கூடச் சூடு ஒரு டிகிரி ஏறும்.

இந்தப் பக்கம் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது வெப்பத்தாக்கு. மதிய வெயிலில் கட்டிப்போட்டிருந்த நாய், விடாமல் மூச்சிரைத்து, ஈறு செங்கல் சிவப்பாகி, 105, 106 என்று காட்டினால் அது கிருமிக் காய்ச்சல் இல்லை. உடனே சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, காற்றுப் படவைத்து, குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். கிருமிக் காய்ச்சலுக்கு இந்தத் தண்ணீர் வைத்தியம் கூடாது.

கூடவே இரண்டு விஷயம் பாருங்கள். கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்க்கலாம். இரண்டாவது, தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சங்கதி.

எல்லாமே கிருமிதானே? பாக்டீரியா, வைரஸ்னு பிரிச்சு என்ன ஆகப்போகுது?

மருந்து மாறும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே பிடிக்கும். தோலில் சீழ்க்கொப்புளம் கட்டும் ஸ்டெஃபைலோகாக்கஸ், சிறுநீர்ப்பையில் தங்கும் ஈ.கோலை, எலிக்காய்ச்சலின் லெப்டோஸ்பைரா, உண்ணி பரப்பும் எர்லிக்கியா இவையெல்லாம் பாக்டீரியா. வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் வைரஸ். பபீசியா ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. காதில் பழுப்பு மெழுகாக வருவது பெரும்பாலும் மலசீசியா என்னும் ஈஸ்ட். முடி கொட்டும் சொறியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கலாம்.

பார்வோ குட்டிக்கும் மருத்துவர் ஆன்டிபயாடிக் போடுவாரே என்றால், குடல்சுவர் அரித்துப்போன இடம் வழியாகப் பாக்டீரியா ரத்தத்துக்குள் போகாமல் தடுக்கத்தான். வைரஸுக்கு அது மருந்தில்லை.

வட்ட வட்டமா முடி கொட்டி, ஓரம் செதில் உரியுது. படர்தாமரைதானே?

மனிதருக்கு வட்டம் என்றால் படர்தாமரை. நாய்க்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. நாயின் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் பாக்டீரியா தோல்நோய்தான். முதலில் சிவந்த புள்ளி. அதன் தலையில் வெள்ளைச் சீழ். நாய் நக்கினாலோ சொறிந்தாலோ ஒரு நாளில் அது உடைந்துவிடும். உடைந்த இடத்தைச் சுற்றித் தோல் உரிந்து, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஒரு வளையம் நிற்கும். இதைப் பார்த்துவிட்டுப் படர்தாமரைக் களிம்பை மாதக்கணக்கில் தடவுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், உள்ளே தொற்று பரவும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சிவந்த இடத்தில் தெளிவான கண்ணாடித் தம்ளரின் அடியை அழுத்துங்கள். சிவப்பு மறைந்தால் அது வீக்கச் சிவப்பு, தோல் தொற்றாக இருக்கலாம். அழுத்தியும் மறையாத குண்டூசித் தலைச் சிவப்பு, தோலுக்கடியில் கசிந்த ரத்தம். அப்படி இருந்தால் தோல் களிம்பை மறந்துவிட்டு, கீழே உண்ணி பற்றிய பதிலுக்குப் போங்கள்.

மருத்துவர் மூன்று வேலை செய்வார். உடையாத கொப்புளத்தை ஊசியால் கீறி, கண்ணாடி ஸ்லைடில் ஒற்றி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. ரத்தம் லேசாகக் கசியும் வரை தோலைச் சுரண்டிப் பூச்சி தேடுவது இன்னொன்று. ஓரத்து முடியைப் பிடுங்கிப் பூஞ்சைக்கு அனுப்புவது மூன்றாவது. ஸ்லைடில் வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்ளேயே உருண்டைக் கிருமிகள் தெரிந்தால் பாக்டீரியா தொற்று உறுதி. வெள்ளணுவே இல்லாமல் கிருமி மட்டும் சிதறிக் கிடந்தால் தோல் மேலிருந்த தூசியாக இருக்கலாம். பார்க்கப் போவதற்கு 2 நாள் முன்பிருந்தே குளிப்பாட்டவோ மஞ்சள் பூசவோ வேண்டாம். மஞ்சள் பூசிய தோலில் எது சிவப்பு, எது சீழ் என்று யாருக்கும் தெரியாது.

கடல்ல குளிக்க விட்டா புண்ணு ஆறிடும்னு பெரியவங்க சொல்றாங்களே?

உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவுவது சரிதான், அளவுதான் வேறு. மருத்துவமனை சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம். புண் எரியும், நாய் நக்கும், நக்க நக்கப் புண் பெரிசாகும். போதாததற்கு, வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. மீன் கழிவு கொட்டுகிற கரையோரத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முக்கால் டீஸ்பூன் பொடியுப்பு போட்டு, ஆறவைத்துக் கழுவுங்கள். புண் இல்லாத நாய் கடலில் விளையாடட்டும். வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி, காதையும் கழுத்துப்பட்டைக்கு அடியையும் துவட்டிவிட வேண்டும். ஈரம் தங்கும் அந்த இடங்களில்தான் ஒரே இரவில் கசிகிற செம்புண் வரும்.

காது நாறுது, தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு. தண்ணி போயிருக்குமோ?

தண்ணீர் தொடக்கமாக இருக்கலாம். இப்போது உள்ளே என்ன வளர்கிறது என்பதுதான் கேள்வி. பழுப்பு மெழுகும் புளித்த வாடையும் ஈஸ்ட் பக்கம் காட்டும். மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், குடலைப் புரட்டும் நாற்றம், தொட்டாலே கத்துகிற வலி என்றால் பாக்டீரியா, அதிலும் சூடோமோனாஸ் இருக்க வாய்ப்பு. காப்பித் தூள் மாதிரி உதிர்ந்தால் காதுப்பூச்சி. வாடையை வைத்து ஊகிக்கத்தான் முடியும். பஞ்சுக் குச்சியில் எடுத்து ஸ்லைடில் உருட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை தெரியும்.

வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து உட்காதுக்குள் போய்க் காதையே செவிடாக்கிவிடலாம். செவிப்பறையைக் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டும்.

கருவை முள்ளு ஏறுன கால். முள்ளை எடுத்து ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் சீழ் வருதே?

முள் முழுசாக வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவை முள்ளின் நுனி எளிதில் உடைந்து உள்ளே நிற்கும். அடையாளம் இது: விரலிடுக்கில் ஒரு சின்னத் துளை, மருந்து சாப்பிடும் வரை மூடிக்கொள்ளும், நிறுத்திய சில நாளில் அதே இடத்திலோ ஓரிரு அங்குலம் தள்ளியோ திரும்பத் திறக்கும். முள் இருக்கும் வரை எந்த ஆன்டிபயாடிக்கும் தோற்கும், ஏனென்றால் கிருமி அந்த மரத்துண்டின் மேல் படலம் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் போகாது, மருந்தும் போகாது.

எக்ஸ்ரேயில் முள் தெரியாது. மீன்பிடித் தூண்டில் முள் இரும்பு என்பதால் தெரியும். கருவை முள்ளுக்கு அல்ட்ராசவுண்டு, அல்லது மயக்கம் கொடுத்துத் துளையைத் திறந்து தேடுவதுதான் வழி. பிதுக்கிப் பிதுக்கிப் பார்க்காதீர்கள், இன்னும் ஆழத்துக்குப் போகும்.

தொண்டையில மீன்முள்ளு மாட்டி, வாய மூட முடியாம எச்சி ஒழுக்குது. கைய விட்டு எடுத்துறலாமா?

கையை விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் முதல் இடத்தில் இருந்திருக்க வேண்டிய கேள்வி இது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கிற நாய்க்கு வெறிநோயின் அடங்கிய வகை இருக்கலாம். அது சீறாது, கடிக்க ஓடிவராது. மீன் தின்கிற ஊரில் எல்லோருக்கும் முதலில் முள்தான் நினைவுக்கு வரும். வாய்க்குள் கைவிட்டவர் எச்சிலில் குளித்திருப்பார்.

முள் மாட்டிய நாய் பெரும்பாலும் முன்னங்காலால் முகத்தைப் பிராண்டும், ஓக்காளிக்கும், கொஞ்ச நேரத்துக்கு முன் மீன் தின்றிருக்கும். ஆனால் இதை நம்பி யாரும் கையை நீட்ட வேண்டாம். நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் ஏற்கெனவே பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி. உயிரோடு இருக்கும் நாய்க்கு இதை உறுதி செய்ய நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது.

கரையில் ஒதுங்கிய பேத்தை மீனைத் தின்ற நாயும் கால் தள்ளாடி, எச்சில் ஒழுக்கி விழும். காய்ச்சல் இருக்காது, சில மணி நேரத்துக்குள் நடக்கும். அது விஷம். தொற்றென்று மாத்திரை தேடி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒண்ணுக்கு சொட்டுச் சொட்டா போகுது. டெஸ்டுக்கு எப்படிப் பிடிக்கிறது?

காலையில் முதல் சிறுநீர். கடுவனுக்கு நீளக் கைப்பிடிக் குழிக்கரண்டி, பொட்டைக்குத் தட்டையான கிண்ணம். இரண்டையும் கொதிநீரில் அலசி ஆறவைத்து, முதல் சில சொட்டைத் தரையில் விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். 5 மில்லி போதும். லேபில் தரும் மூடிய டப்பாவில் ஊற்றி, அரை மணிக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தால் கிருமி டப்பாவுக்குள்ளேயே பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும்.

சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் மனிதருக்கான பட்டைச் சோதனையில் ரத்தமும் புரதமும் சர்க்கரையும் ஓரளவு நம்பலாம். வெள்ளணு கட்டத்தையும் நைட்ரைட் கட்டத்தையும் நாய்க்கு நம்பக் கூடாது, தொற்று இருந்தும் இல்லை என்று காட்டும். நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது, செய்வதாக இருந்தால் கரண்டியில் பிடித்தது அவ்வளவு உதவாது. மருத்துவர் வயிற்று வழியாக ஊசி போட்டு நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பது மேல். பிடித்த சிறுநீரில் மில்லிக்கு 1 லட்சம் கிருமி இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். ஊசியில் எடுத்ததில் 1,000 இருந்தாலே பொருட்டு. முக்கி முக்கி ஒரு சொட்டும் வராத கடுவனுக்கு எந்த டெஸ்டும் வேண்டாம், கல் அடைத்திருக்கும், உடனே ஓடுங்கள்.

பொட்டை நாய். பருவத்துக்கு வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. குடம் குடமா தண்ணி குடிக்குது, சோறு திங்கல. வெயிலா இருக்குமோ?

கர்ப்பப்பையில் சீழ். கருத்தடை செய்யாத நாய்க்குப் பருவம் முடிந்து 4 முதல் 8 வாரத்தில் இப்படி வந்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் இதை விலக்க வேண்டும். வால் அடியில் சீழோ ரத்தம் கலந்த கசிவோ தெரிந்தால் கண்டுபிடிப்பது எளிது. கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றும் வெளியே வராது, வயிறு மட்டும் உப்பும். ஆபத்து அதில்தான் அதிகம். காய்ச்சல் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், பல நாய்களுக்கு இதில் சூடு இயல்பாகவே இருக்கும். அல்ட்ராசவுண்டில் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் தீர்வு, மாத்திரையில் நாள் கடத்தினால் நாய் போய்விடும்.

உண்ணி நிறைய இருந்துச்சு. இப்ப மூக்குல ரத்தம் வருது.

எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவைத்தான் முதலில் தேட வேண்டும். பழுப்பு நாய் உண்ணி கடித்து 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சல், சோர்வு, கழுத்து நெறிக்கட்டு என்று தொடங்கும். பலர் கவனிக்காமலே இது அடங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் நாய் நன்றாக இருப்பது போலவே இருந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்து, மூக்கில் ரத்தமாகவும் வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளியாகவும் திரும்ப வரும். தம்ளர் சோதனையில் மறையாத சிவப்பு என்று மேலே சொன்னது இதுதான். மனிதருக்கு வரும் உண்ணிக்காய்ச்சல் வேறு கிருமி, வேறு பூச்சி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ரத்தத்தில் தட்டணுவை எண்ணுங்கள். நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 1 லட்சத்துக்குக் கீழே, உண்ணியும் இருந்தது என்றால் சந்தேகம் வலுக்கும். ரத்தப் பூச்சில் வெள்ளணுவுக்குள் முசுக்கட்டைப் பழம் போன்ற கொத்து தெரிந்தால் உறுதிதான், ஆனால் தெரிவது அரிது. தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. விரைவுக் கிட், கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளைத்தான் தேடுகிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் கிட் 'தொற்று இல்லை' என்றே காட்டலாம். அப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உதவும். மருந்து 28 நாள். நான்காம் நாளே வாலாட்டி ஓடுகிற நாய்க்கு மருந்தை நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு.

28 நாளும் கொடுத்தாச்சு. கிட்ல இன்னும் பாசிட்டிவ். திரும்பவும் கொடுக்கணுமா?

கிட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. எதிர்ப்புப்பொருள் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். தட்டணு ஏறியிருக்கிறதா, பி.சி.ஆரில் கிருமி இருக்கிறதா என்பதே கேள்வி. கொட்டகைச் சுவர் வெடிப்பில் உண்ணி அப்படியே இருந்தால் புதுத் தொற்றும் வரலாம், அதையும் பாருங்கள்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் கண்ணு மஞ்சளாயிருச்சு. வீட்ல பிள்ளைங்க இருக்கு, ஒட்டுமா?

ஒட்டும் என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். மஞ்சள் கண், வாந்தி, காய்ச்சல், சிறுநீர் கூடுவது அல்லது அறவே நிற்பது, இவை சேர்ந்தால் எலிக்காய்ச்சல் சந்தேகம். பபீசியாவிலும் கண் மஞ்சளாகும், அதில் ஈறும் வெளுத்திருக்கும். எலியின் சிறுநீர் கலந்த மழைத் தேக்கம், வலைக்கொட்டகைத் தரை, ஊருணி ஓரச் சேறு ஆகியவை லெப்டோஸ்பைரா தங்கும் இடங்கள். நல்ல தண்ணீர் ஈரத்தில்தான் அது நீடிக்கும், கடல் உப்பு அதற்கு ஒத்துவராது. கடலில் விளையாடியதைவிட வாசல் குட்டைதான் சந்தேகத்துக்குரியது.

முதல் வாரத்தில் ரத்தத்தையும், அதன் பிறகு சிறுநீரையும் பி.சி.ஆருக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் மருந்துக்கு முன் எடுத்துவிட வேண்டும். எதிர்ப்புப்பொருள் சோதனை என்றால் ஒரு தடவை போதாது. 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொரு ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடுப்பூசி போட்ட நாய்க்கு ஒற்றைச் சோதனை ஏமாற்றும், ஆகவே போட்ட தேதியைச் சொல்லுங்கள்.

நாயின் சிறுநீரை வெறுங்காலால் மிதிக்கக் கூடாது. கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாயின் நோயையும் அவர்களின் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனுஷங்க லேப்ல ரத்தம் கொடுத்தா பார்ப்பாங்களா?

பல லேப்கள் பார்க்கும். ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான் சிக்கல். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு மனிதருடையது. மனிதருக்கு வெள்ளணு 4,000 முதல் 11,000. நாய்க்கு 6,000 முதல் 17,000. நாய்க்கு 14,000 வந்தால் லேப் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று போடும், வீட்டில் பயந்துபோய் ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். 5,000 வந்தால் 'இயல்பு' என்று போடும். பார்வோ குட்டியிலோ தொற்று முற்றிய நாயிலோ அந்த 5,000-தான் கெட்ட சேதி.

எந்திரம் கொடுக்கும் தட்டணு எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். குழாயில் தட்டணுக்கள் கட்டிப்பிடித்துக்கொண்டால் குறைவாக எண்ணும். பூச்சு போட்டுக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அதிலேயே முதிராத வெள்ளணு இருக்கிறதா என்றும் பார்க்கலாம், இருந்தால் பாக்டீரியா பக்கம் வலுவான சான்று. மனிதருக்கு டைபாய்டு பார்க்கும் வைடால் சோதனையை நாய்க்குச் செய்து பயனில்லை.

கல்ச்சர் டெஸ்டுன்னா என்ன? எப்பத் தேவைப்படும்?

மாதிரியைத் தட்டில் வளர்த்து எந்தப் பாக்டீரியா என்று அறிந்து, அதன் மேல் மருந்து வில்லைகளை வைத்து எதற்கு அடங்குகிறது என்று பார்ப்பது. கிருமி வளர 24 முதல் 48 மணி, மருந்துச் சோதனைக்கு இன்னொரு நாள். முதல் தடவை வந்த சின்னத் தோல் தொற்றுக்கு இது கட்டாயமில்லை, ஸ்லைடு போதும். திரும்பத் திரும்ப வருவது, இரண்டு மருந்துக்கு அடங்காதது, ஆழமான சீழ், ஸ்லைடில் குச்சிக் கிருமி தெரிந்தது, இவற்றுக்குக் கட்டாயம்.

ராமேஸ்வரத்துலேர்ந்து மதுரைக்குப் போறதுக்குள்ள மாதிரி கெட்டுப்போகாதா?

ஒழுங்காகக் கட்டினால் கெடாது. மீனவர் வீட்டில் இருக்கும் தெர்மாகோல் ஐஸ் பெட்டியே போதும், மீன் வாடை போகக் கழுவிக்கொள்ளுங்கள். ஆனால் மீனை ஐஸில் புதைப்பது போல ரத்தக் குழாயைப் புதைக்கக் கூடாது. ஐஸ் நேரே பட்டால் சிவப்பணு உடைந்து, ரத்தம் ரோஸ்மில்க் மாதிரி கலங்கிவிடும். அடியில் ஐஸ், மேலே மடித்த துண்டு, அதன் மேல் குழாய்.

ஊதா மூடிக் குழாய் அணுக்கள் எண்ண. அதில் ரத்தம் விட்டவுடன் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சிறுநீருக்கும் குளிர்ச்சி வேண்டும். ஆழமான சீழை மட்டும் ஐஸில் வைக்காதீர்கள். காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியா அதில் இருக்கலாம், குளிரும் காற்றும் இரண்டுமே அதைக் கொல்லும். வெறும் பஞ்சுக் குச்சியும் வழியில் காய்ந்துவிடும், ஜெல் ஊடகம் உள்ள குழாய் கேளுங்கள். குழாய் மேல் நாயின் பேர், எடுத்த இடம், தேதி, மணி. 'சீழ்' என்று மட்டும் எழுதினால் லேபுக்கு ஒன்றும் புரியாது, 'வலது பின்னங்கால், விரலிடுக்கு' என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே வீட்ல இருந்த அமாக்சிசிலின் ரெண்டு நாள் கொடுத்துட்டோம். பரவாயில்லையா?

மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது என்று அட்டையோடு கொண்டு போங்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, தட்டில் வளரவிடாமல் மட்டும் செய்யும். நாயின் நிலை தாங்கும் என்றால் மருத்துவர் சில நாள் நிறுத்திவிட்டு மாதிரி எடுப்பார். தாங்காது என்றால் அப்படியே எடுப்பார்.

காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். கல்லீரல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றையும் கெடுக்கும் அது, தொற்றைவிட அவசரமாகிவிடும்.

கல்ச்சர்ல 'வளர்ச்சி இல்லை'னு வந்திருக்கு. சீழ் கண்ணு முன்னாடி இருக்கே?

காரணம் பெரும்பாலும் முந்தைய இரண்டு பதில்களில் இருக்கும்: மருந்துக்குப் பிறகு எடுத்தது, வழியில் காய்ந்தது, காற்றில்லாப் பாக்டீரியா செத்துப்போனது. டெட்டால் தடவிவிட்டு எடுத்தாலும் இப்படித்தான் வரும். சீழின் நடுவில் பெரும்பாலும் செத்த அணுக்களே இருக்கும், கட்டியின் உள்சுவரிலிருந்து எடுக்க வேண்டும். எர்லிக்கியா, லெப்டோஸ்பைரா இரண்டும் சாதாரணத் தட்டில் வளரவே வளராது. ஸ்லைடில் கிருமி பார்த்திருந்தால் ஸ்லைடை நம்புங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். சிறுநீரில் மூன்று நான்கு வகைக் கிருமி ஒன்றாக வளர்ந்தால் அது தரை அழுக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாத நாயின் சிறுநீரில் ஒரே வகைக் கிருமி வளர்ந்தால்கூட, பெரும்பாலும் மருந்து தேவையில்லை.

ரிப்போர்ட்ல 'எஸ்' போட்ட மருந்தைத்தானே கொடுத்தோம். ஏன் கேக்கல?

'எஸ்' என்றால் தட்டில் அடங்கியது என்று பொருள். நாயின் உடம்பில் அந்த மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முள் உள்ளே இருப்பது, எடைக்குக் குறைந்த அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை, இவைதான் முதல் சந்தேகங்கள். தோல் தொற்று மருந்தில் ஆறி ஒரே மாதத்தில் திரும்பினால் அடியில் வேறொன்று இருக்கிறது. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை, பூச்சிச் சொறி, தைராய்டு குறைவு என்று தேட வேண்டும்.

ரிப்போர்ட்டில் 'ஆக்சாசிலின்' வரியைத் தேடிப் பாருங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு நேராக அங்கே 'ஆர்' (அடங்கவில்லை) என்றிருந்தால், கீழே செஃபலெக்சினுக்கோ அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கோ 'எஸ்' என்று அச்சடித்திருந்தாலும் அவை வேலை செய்யாது. இந்த வரியைத் தவறவிடுவதால் வீணாகும் மருந்து கொஞ்சமில்லை. அந்த மாதிரித் தோல் தொற்றுக்கு 2 முதல் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவை 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவுவது பல சமயம் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும்.

படகு நிக்கிற ஜெட்டிப் பக்கம் சுத்துற நாய். தொடவே விடாது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தொடாமலே நிறையப் பார்க்கலாம். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதைச் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் மூச்சுக் கணக்கு வந்துவிடும். நடையையும் எடுங்கள், எந்தக் காலைத் தூக்குகிறது என்று தெரியும். மீன் வீசினால் ஓடிவருகிறதா, மோந்துவிட்டுப் போகிறதா, கவ்வியும் விழுங்க முடியவில்லையா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது நடந்தால் மேலே வெறிநோய்க்குச் சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும், யாரும் கிட்டே போக வேண்டாம்.

மற்றபடி இந்த வீடியோக்களோடு பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிட்டு உங்கள் பகுதிக்கு வருவார்களா என்று கேளுங்கள். வலையில் பிடித்து மயக்கம் கொடுப்பது ஒரே தடவை நடக்கிற காரியம். அந்த மயக்கம் தெளிவதற்குள் ரத்தம், ஸ்லைடு, சீழ் மாதிரி மூன்றையும் எடுத்துவிட வேண்டும். குழாயும் ஐஸ் பெட்டியும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், வெறிநோய்த் தடுப்பூசியையும் அப்போதே போடச் சொல்லுங்கள்.